நான்கு செடான்களும் ஒரு மச்சினரும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

பாயிரம்

புதுக் கார் வாங்க முடிவெடுத்த குடும்பத் தலைவர் ஒருவர் நடுத்தர செடான் வகையில் நான்கு கார்களைத் தேர்ந்தெடுக்கிறார். மகனின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போடுகிறார். நீளம், அகலம், என்ஜின், டிக்கி, மைலேஜ், விலை என்று மாதக்கணக்கில் நிரப்புகிறார். பிறகு அந்த நான்கிலும் சேராத ஐந்தாவது வண்டி ஒன்றுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, வீட்டுக்கு ஓட்டி வருகிறார். இந்நிகழ்வு தமிழ்நாடெங்கும் காணக்கிடைப்பினும் புலமை உலகம் இதைப் பொருட்படுத்தவில்லை. கம்பனையும் மில்டனையும் ஒப்பிட்டு முனைவர் பட்டம் வாங்கலாம். ஸ்லாவியாவையும் வெர்னாவையும் ஒப்பிட்டால் வீட்டில் வசவுதான் வாங்கலாம். அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்குக் கொண்டவை நான்கு: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ். ஐந்தாவதாக நிற்க வேண்டிய மாருதி சியாஸ் 2014-இல் வந்து 2025-இல் உற்பத்தி நின்றுபோனதால், அழிந்துபட்ட நூல்களோடு சேர்க்கப்பட்டது. பழைய கார்ச் சந்தையில் மேற்கோளாக மட்டும் இன்னும் கிடைக்கிறது.

‘நடுத்தரம்’ என்பதை வரையறுத்தவர் பொறியாளர் அல்லர், நிதியமைச்சர். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய என்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அன்று முதல் இந்திய செடான் இரண்டு குலமாகப் பிரிந்தது. வரிக்கு அஞ்சி வாலைக் கத்தரித்துக்கொண்டவை ஒரு குலம். டிசையர் அதன் தலைவன். வரி போனாலும் வால் முக்கியம் என்று நின்றவை மற்றொன்று. நம் நான்கும் பின்னதைச் சேர்ந்தவை. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாற்றப்பட்ட பிறகும் இதே கோடுதான்: முதற்குலத்துக்கு 18 சதவீதம், இவற்றுக்கு 40. டிக்கிக்காக இவ்வளவு வரி கட்டும் மக்கள் டிக்கியில் என்ன வைக்கிறார்கள் என்பது பின்னர் ஆராயப்படும்.

இனி ஒற்றுமை. நீளம்: வெர்னா 4,535 மி.மீ., ஸ்லாவியா 4,541, வர்ட்டஸ் 4,561. சிட்டியும் ஏறக்குறைய அதே. 1.5 லிட்டர் என்ஜினின் கொள்ளளவு: சிட்டி 1,498 சிசி, ஸ்லாவியா 1,498, வர்ட்டஸ் 1,498, டர்போ இல்லாத வெர்னா 1,497. செருப்புக் கடையின் பாட்டா விலையை என்ஜினில் கண்டவர் வியக்க வேண்டாம். 1,500 சிசியைத் தாண்டினால் செஸ் ஏறும் என்ற காலத்தில் வழங்கிய எண்கள் இவை. இன்று செஸ் போய்விட்டது, எண்கள் அப்படியே இருக்கின்றன. திவசத்தில் பூனையைக் கூடையால் மூடிய கதைபோல, காரணம் செத்த பிறகும் சடங்கு நிற்கும்.

இவ்வளவு ஒத்திருப்பவற்றில் வேறுபாட்டை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள்? இதுவே நம் ஆய்வின் வினா.

அளவையியல்

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில், ஒன்றை அறிவதற்கு வழிகளாகப் பத்து அளவைகள் சொல்லப்படுகின்றன. வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்டுக்கொண்ட அந்தத் தருக்கம் இன்றைய அண்ணா சாலை ஷோரூமுக்கும் தாராளமாகப் போதும். பத்தில் நமக்கு வேண்டியவை காண்டல், கருதல், ஆகமம், ஐதிகம், அபாவம், மீட்சி என்னும் ஆறு.

காண்டல்

பொறிகளால் நேரே அறிவது காண்டல். உலக வழக்கில் டெஸ்ட் டிரைவ். இது ஐயத்துக்கு இடமில்லாத அளவை என்று பண்டையோர் கருதியதற்குக் காரணம், அக்காலத்தில் விற்பனைப் பிரதிநிதி பக்கத்துச் சீட்டில் உட்காராததே. ஓட்டிப் பார்க்கும் பாதையை அவரே தேர்ந்தெடுக்கிறார். அப்பாதையில் குழி இல்லை, வேகத்தடை இல்லை, இடப்பக்கம் திரும்பினால் மறுபடி ஷோரூம். “ஏசியைப் பாருங்க சார், ரெண்டே நிமிஷம்” என்கிறார். கார் காலை முதல் ஏசியில் ஊறிக் கிடந்தது என்பதைச் சொல்வதில்லை. ஓட்டக் கொடுப்பது எல்லா வசதியும் உள்ள உச்ச வேரியன்ட்; வாங்கப்போவது நடு வேரியன்ட். காணும் பொருளும் கொள்ளும் பொருளும் வேறாகையால் காண்டல் இங்கே வழுவாயிற்று.

ஆற்றலைப் பற்றிய காண்டலும் அவ்வாறே. வெர்னா டர்போவுக்கு 160 குதிரைத்திறன். ஸ்லாவியா, வர்ட்டஸ் 1.5 டர்போவுக்கு 150, சிட்டிக்கு 121. இது கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலை ஐந்து மணிக்கு மெய். மாலை ஆறரைக்கு மத்திய கைலாஷில் 160 குதிரைகளும் 121 குதிரைகளும் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் நின்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கும். அங்கே வேறுபாடு தெரிவது கியரில்தான். சிட்டியின் சிவிடி கியர் மாறுவதே தெரியாமல் வழுவழுவென்று நகரும். மற்ற மூன்றின் 1.5 டர்போ ஆட்டோமேட்டிக்குகளில் இருக்கும் இரட்டை கிளட்ச் பெட்டி திறந்த சாலையில் சொன்னதைக் கேட்கும், ஊர்ந்து செல்லும் நெரிசலில் சற்றே முகம் சுளிக்கும். ஓட்டிப் பார்த்து அறியத்தக்க உண்மை இது ஒன்றே. ஷோரூம் பாதையில் நெரிசல் இல்லாததால் இதுவும் தெரியாமல் போகிறது.

இடைப்பிறவரலாக ஒரு செய்தி. வெர்னாவின் உயர் வேரியன்டில் முன்சீட்டுக்குக் குளிர்காற்று வரும், வெப்பமூட்டும் வசதியும் உண்டு. வேலூர்ச் சித்திரையில் இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தான்! ஊட்டிக்குப் போனால் உதவும் என்பார் உளர். அங்கே போகும்போது காரில் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவதே நம் மரபு என்று மறுக்க.

கருதல்

புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். மைலேஜ் இவ்வளவைக்கு உரியது. இதை உவமையாகச் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. காரை உருளைகளின் மேல் ஏற்றி, இருந்த இடத்திலேயே ஓட்டி, புகைக்குழாயில் வரும் வாயுக்களில் உள்ள கார்பனை அளந்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். தருக்க நூலார் சொன்ன எடுத்துக்காட்டை இவ்வளவு விசுவாசமாக நிறைவேற்றிய துறை வேறில்லை.

அச்சோதனையில் ஏசி ஓடாது. டிக்கியில் சாமான் இல்லை. பின்சீட்டில் மாமியார் இல்லை. அந்தத் தவநிலையில் கிடைக்கும் எண்ணே விளம்பரத்தில் வருவது. சிட்டியின் ஹைப்ரிட் 2022-இல் வந்தபோது லிட்டருக்கு 26.5 கி.மீ. என்று அறிவிக்கப்பட்டது. ஹைப்ரிட்டுக்கு ஒரு பெருமை உண்டு: நின்று நின்று போகும் ஊர்ச் சாலையில்தான் அதன் மின் மோட்டார் நன்றாக உழைக்கும். ஆகவே மற்ற கார்களின் மைலேஜைக் கொன்ற அதே கிண்டி நெரிசல் இதை வாழவைக்கும். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களை மிச்சமாகும் பெட்ரோலில் எடுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று மட்டும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போடக் கூடாது. போட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

ஆகமம்

நம்பத்தக்கவர் சொன்ன சொல் ஆகமம். இங்கே அது வழவழத் தாளில் அச்சிட்ட சிற்றேடு. காட்டிய உபகரணங்கள் எல்லா வேரியன்டிலும் இரா என்று கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்தில் ஒரு வரி இருக்கும். முன் பக்கங்கள் அனைத்துக்கும் அதுவே உரை.

டிக்கியை முதலில் கொள்வோம். வெர்னா 528 லிட்டர், ஸ்லாவியாவும் வர்ட்டஸும் 521, சிட்டி 506. முதலுக்கும் கடைக்கும் 22 லிட்டர். சென்னைவாசிக்குப் புரியும் அளவையில் சொன்னால் ஒரு தண்ணீர் கேனும் மேலே இரண்டு லிட்டரும். இத்தகைய கொள்ளளவை அளக்க ஒரு லிட்டர் பருமனுள்ள, 20 சென்டிமீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கும் முறை ஒன்று ஜெர்மனியில் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்குகிறது. தமிழர் டிக்கியில் ஏற்றுவது பண்ருட்டிப் பலாப்பழம், 25 கிலோ பொன்னி மூட்டை, சீர்வரிசைத் தட்டு, திரும்பி வரும்போது ஊர்த் தேங்காய். இவற்றுள் ஒன்றும் அந்தக் கட்டையின் வடிவில் இல்லை. பலாப்பழத்துக்கு வேண்டியது வாயகலம். அந்த எண் எந்தச் சிற்றேட்டிலும் கிடையாது. செடானின் டிக்கி வாய் குறுகியது, வயிறு பெருத்தது.

அடுத்து தரை இடைவெளி. ஸ்லாவியா, வர்ட்டஸ் 179 மி.மீ., சிட்டி 165. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அவ்வாறாயின் நான்கு கார்களும் தட்டாமல் கடக்கும், 14 மி.மீ. வேறுபாட்டைப் பற்றிப் பேச்சே எழாது. தட்டுகிறதே எனின், நம் தெருக்களில் உள்ளவை விதிப்படி எழுந்தவை அல்ல. மாமன்ற உறுப்பினர் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூட வளைவிலும் மிஞ்சிய ஜல்லியைக் கொட்டி இரவோடு இரவாக எழுப்பியவை. சுயம்பு என்று சொல்லத்தக்கவை. அன்றியும் சிற்றேட்டில் தரும் எண் பெரும்பாலும் ஆளேறாத காரின் எண். ஐந்து பேரும் அவர்கள் சாப்பாடும் ஏறினால் கார் தாழும். ஆகவே தரை இடைவெளி என்பது காரின் பண்பு பாதி, குடும்பத்தின் பண்பு பாதி.

வேளச்சேரிக்காரர்கள் இந்த எண்ணைக் கடந்து ஞானம் பெற்றவர்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். 165 ஆனாலும் 179 ஆனாலும் பாலத்தின் உயரம் கூடும்போது கணக்கு சரியாகிவிடுகிறது.

மூன்றாவதாக, ஒருவரும் கட்டம் போடாத அகலம். தமிழ்நாடு கட்டட விதிகளின்படி ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். வெர்னாவின் அகலம் பக்கக் கண்ணாடிகளை நீக்கி 1,765 மி.மீ. மிச்சம் 735. அதை இருபுறமும் பங்கிட்டால் ஒரு கதவுக்கு ஒன்றரைச் சாண் சொச்சம். தூண் ஒன்று குறுக்கிட்டால் அதுவும் இல்லை. அடுக்குமாடி வாசிகள் காரை நிறுத்தியபின் மூச்சை உள்ளிழுத்து இறங்குவது யோகப் பயிற்சி அன்று.

ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகளும் ஆகமத்தில் பெருமையாக வருகின்றன. சிட்டியின் ஹைப்ரிட்டுக்கு 2022-இலும், வெர்னாவுக்கும் மற்ற சிட்டிகளுக்கும் 2023-இலும் இவை வந்தன. தடம் மாறாமல் காக்கும் கருவிக்குச் சாலையில் வெள்ளைக் கோடு வேண்டும். கோடு இருந்தாலும் அதைப் பொருட்படுத்தும் அண்டை வண்டிகள் வேண்டும். முன்னே போகும் வண்டியோடு தகுந்த இடைவெளி விடும் கருவியோ இன்னும் அப்பாவி. அது இடைவெளி விடும். அந்த இடைவெளியில் ஒரு டூ வீலர் நுழையும். கருவி அதற்கும் இடைவெளி விடும். அதில் ஓர் ஆட்டோ நுழையும். இவ்வாறு முறையாக ஓட்டினால் தாம்பரத்திலிருந்து புறப்பட்டவர் மெல்லப் பின்னோக்கிச் செங்கல்பட்டு சேர்வார் என்பது தருக்கத்தால் பெறப்படும்.

விலையிலும் மூலம் வேறு, உரை வேறு. எக்ஸ்-ஷோரூம் விலை மூலம். ஆன்-ரோடு விலை உரை. எந்தக் காலத்திலும் மூலத்தைவிட உரை பெரிது. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 13. எனவே 12 லட்சம் ரூபாய்க் காருக்கு வாழ்நாள் வரியே 2 லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், 10 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டிசிஎஸ் (இது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், பலர் கேட்க மறக்கிறார்கள்), பிறகு கால்மிதியும் மட்கார்டும் அடங்கிய ‘கிட்’. இந்தக் கிட் மூலபாடத்தில் இல்லை. இடைச்செருகல் என்று அடித்துவிடலாம்; உறுதியாகச் சொன்னால் அடிப்பார்கள்.

ஐதிகம்

இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் வழிவழியாகச் சொல்வதை நம்புவது ஐதிகம். மணிமேகலை தரும் எடுத்துக்காட்டே அதுதான். நடுத்தர செடான் வாங்குவதில் ஐதிகத்தின் கொள்கலம் மச்சினர். அவரிடம் கார் இருக்க வேண்டும் என்பதில்லை. கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் போதும்.

“மாமா, அந்தக் கம்பெனியா? சர்வீஸுக்கு விட்டா உரிச்சு அனுப்புவான் மாமா. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வெறும் ஆயில் மாத்தப் போனான்...”

வாக்கியம் முடிவதில்லை. முடியாத வாக்கியத்துக்குத்தான் ஆற்றல் அதிகம். அந்த நண்பன் யார், எந்த ஊர், ஆயிலுக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்கும் உரிமை மாமாவுக்கு இல்லை. கேட்டால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நிரப்பிய நோட்டுப் புத்தகம் அந்த ஒரு பெருமூச்சில் அழிகிறது.

அடுத்து மச்சினர் ஷோரூமில் காரின் கதவைச் சாத்திப் பார்க்கிறார். ‘டொம்’ என்றால் உறுதி. ‘டப்’ என்றால் தகரம். ஸ்லாவியா, வர்ட்டஸ், வெர்னா மூன்றும் 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. ஆயினும் சுவரில் மோதிக் காட்டிய சான்று மச்சினரின் காதுக்கு முன் நில்லாது. பிறகு குனிந்து சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டுகிறார். இந்தச் சோதனையின் நோக்கம் இன்றுவரை புலப்படவில்லை.

பேய்கள் எல்லாமே பொய் என்று தள்ளவும் முடியவில்லை. “கம்பெனி மூட்டை கட்டிட்டா பார்ட்ஸுக்கு எங்கே போவீங்க?” என்ற அச்சத்துக்குச் சென்னையில் வேர் உண்டு. 1985-இல் இந்நகரின் ஸ்டாண்டர்டு மோட்டார், ரோவரின் அழகிய உடலில் பழைய வேன்கார்டு என்ஜினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் காரும் போயிற்று, கம்பெனியும் போயிற்று. 1998, 1999-இல் இந்நகரைச் சுற்றியே மூன்று செடான்கள் பிறந்தன: திருவள்ளூரில் லான்சர், மறைமலைநகரில் ஃபோர்டு ஐகான், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட். முதல் இரண்டும் இன்று நினைவு. ஐகானைத் தந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆக்சென்டின் வாரிசே வெர்னா. எனவே மச்சினரின் பேச்சில் பத்தில் ஒரு பங்கு வரலாறு, மிச்சம் மரம்.

ஐதிகத்தின் உச்சம் ஸ்லாவியா - வர்ட்டஸ் விவாதம். இரண்டும் ஒரே அடித்தளம், அதே என்ஜின்கள், அச்சு இடைவெளி இரண்டிலும் 2,651 மி.மீ., டிக்கியும் ஒன்றே, புனே அருகே சாகனில் ஒரே ஆலையில் பிறப்பவை. முகமும் விளக்கும் ஸ்டியரிங்கும் சில அலங்காரங்களும் வேறு. தமிழாய்வாளர் இவற்றை ஒரே நூலின் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் முடித்திருப்பர். மக்களோ இவற்றின் ‘குணவேறுபாடு’ பற்றி நண்பர்களை இழக்கும் அளவுக்கு வாதிடுகிறார்கள். ஒத்திருப்பவை இடையேதான் சண்டை கடுமையாக இருக்கும் என்பதைச் சைவ வைணவ வரலாறு படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

அபாவம்

இன்மையை அறிவது அபாவம். கீழ் வேரியன்ட் காரில் ஸ்டியரிங்கின் அருகே எழுத்தில்லாத மொட்டைப் பொத்தான் ஒன்று இருக்கும். மேல் வேரியன்டில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பதை உரிமையாளர் அறிவார். கார் விற்கும் நாள் வரை அறிந்துகொண்டே இருப்பார்.

மீட்சி

இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றான் என்று தெளிவது மீட்சி. ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைக் கொள்ளும் முறை. இதில்தான் நம் முதல் வினாவுக்கு விடை இருக்கிறது.

நான்கு ஷோரூம்களிலும் செடானுக்குப் பக்கத்தில் அதன் உயரமான உடன்பிறப்பு ஒன்று நிற்கிறது. வெர்னாவின் அருகே க்ரெட்டா. என்ஜின்களில் இரண்டு பொது. சிட்டியின் அருகே 2023 முதல் எலிவேட். சிட்டியின் 121 குதிரைகளே அதிலும். ஸ்லாவியாவின் அருகே குஷாக், வர்ட்டஸின் அருகே டைகூன். அந்த 2,651 மி.மீ. அங்கும் மாறவில்லை. உட்கார்ந்திருந்த காரை எழுப்பி நிறுத்தியது போன்றவை இவை. விலையும் அதே தட்டில்.

ஒப்பீடு முடிந்த நாளில் குடும்பம் மொத்தமாக ஷோரூமுக்குப் போகிறது. அம்மா செடானில் ஏறுகிறார். ஏறுவது அன்று, இறங்கி உட்காருகிறார். எழுந்து வெளியே வரும்போது ஒரு கை கதவில், ஒரு கை மகனின் தோளில், வாயில் ‘முருகா’. பிரதிநிதி தாமதிக்காமல் பக்கத்து வண்டியின் கதவைத் திறந்துவிடுகிறார். அம்மா நாற்காலியில் உட்காருவதுபோல் அப்படியே நகர்ந்து உட்காருகிறார். “இது நல்லாருக்கேடா.” குதிரைத்திறனும் டிக்கியும் தரை இடைவெளியும் விலக்கப்பட்டு, எஞ்சியது கொள்ளப்பட்டது. செடான் அழிகிறது என்று எழுதுவோர் காலத்தின் ரசனை மாறிவிட்டது என்பார்கள். முழங்கால் என்று எழுதியிருந்தால் கட்டுரை சிறிதாகியிருக்கும்.

அதாவது, மச்சினர் பேச்சை ஒரு நோட்டுப் புத்தகத்தால் எதிர்க்கலாம் என்று நம்பியே வீட்டுத் தலைவர் ஒப்பிடத் தொடங்குகிறார். இறுதித் தீர்ப்பை இருவருமே வழங்குவதில்லை.

புறனடை

இத்தனைக்கும் பிறகு செடான்தான் வேண்டும் என்போர்க்கு: நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவர், ஓட்டுவதை விரும்புபவர், ஸ்லாவியா அல்லது வர்ட்டஸின் 1.5 டர்போவை எடுக்கலாம். இரண்டில் எந்த ஷோரூம் வீட்டுக்கு அருகே உள்ளதோ அதுவே சிறந்தது. ஊருக்குள்ளேயே உழல்பவருக்குச் சிட்டி. கொடுத்த காசுக்குப் பொத்தான்களை எண்ணிப் பார்க்கும் இயல்பினர்க்கு வெர்னா. நிறம், பதிவெண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரலாமா, ஆடியில் டெலிவரி எடுக்கலாமா ஆகிய மூன்றும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் நான்கு கார்களுக்கும் ஒரே பூசைதான் நடக்கிறது.

வீட்டில் முழங்கால் வலி உள்ளவர் இருந்தால், இதைப் படிக்கச் செலவிட்ட நேரத்துக்காக மன்னிக்க வேண்டுகிறேன். நேரே பக்கத்து வண்டியை புக் செய்துவிடுங்கள்.